பத்தாவது அம்சம்

ஜூன் 3, செவ்வாய்

ஜெப்டா 5 என்றொரு போன் ஆகஸ்டில் வரப்போகிறதாம். கம்பெனி சொன்னது அவ்வளவுதான். பெயர், மாதம், "எல்லோருக்குமான விலை" என்று ஒரு வரி. இதை வைத்துக்கொண்டு இன்று அறுநூறு சொல்லில் ஒரு கட்டுரை எழுதினேன்: "ஜெப்டா 5: எதிர்பார்க்கப்படும் பத்து அம்சங்களும் விலையும்." அந்த போனை நான் பார்த்ததில்லை. எழுதச் சொன்ன ரகோத்தமன் சாரும் பார்த்ததில்லை. படம் செய்து கொடுத்த பெனாசிர் அக்காவும் பார்த்ததில்லை. போன வருஷத்துப் போன் ஒன்றின் படத்தை எடுத்து, நீலத்தைப் பச்சையாக்கி, மூலையில் "மாதிரிப் படம்" என்று எறும்பு அளவு எழுத்தில் போட்டுவிட்டார்.

நொடிமுரசு இணையதளத்தில் எனக்கு இது மூன்றாவது வருஷம். ஒரு நாளைக்கு எட்டுக் கட்டுரை, எல்லாமே இன்னும் வராத போன்கள். வந்துவிட்ட போனைப் பற்றி எழுதினால் யாரும் படிப்பதில்லை என்பது சாரின் கொள்கை. இன்னொரு கொள்கையும் உண்டு, அம்சங்கள் சரியாகப் பத்து இருக்க வேண்டும். ஒன்பது என்றால் வாசகர் ஏதோ குறைகிறது என்று நினைப்பாராம்.

இன்று ஒன்பதுதான் தேறியது. பெரிய பேட்டரி, ஐம்பது மெகாபிக்சல் கேமரா, வேகமான சார்ஜிங் என்று மற்ற தளங்களில் பொறுக்கியவை. ஏழாவது வழக்கம்போல "3.5 மிமீ ஹெட்போன் ஜாக்". அதை நான் தட்டச்சு செய்வதுகூட இல்லை, பழைய கட்டுரையிலிருந்து வெட்டி ஒட்டுவதோடு சரி. ஆயிரக்கணக்கான தடவை ஒட்டியிருப்பேன். பத்தாவதுக்கு ஒன்றும் அகப்படவில்லை. மணி ஐந்தரை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சார் விரலைச் சுழற்றி அவசரப்படுத்தினார். எழுதினேன்:

"10. அழைப்புகளை எடுக்கவும் துண்டிக்கவும் பக்கவாட்டில் தனிப் பொத்தான். திரையைத் தொடவே வேண்டாம். அழுத்தினால் போதும்."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஏதோ கைக்கு வந்தது. விலை ரூ. 6,999 என்று போட்டேன். அதுவும் அப்படித்தான்.

"தனிப் பொத்தானா! எங்கம்மா பிடிச்ச?" என்றார் சார்.

"நம்பத்தகுந்த வட்டாரம் சார்."

"சூப்பர். தலைப்புலயே கொண்டு வா."

பெனாசிர் அக்கா படத்தில் சிவப்பாக ஒரு பொத்தான் வரைந்து சேர்த்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 4, புதன்

மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இனி நானாகக் கூப்பிடப்போவதில்லை. பிடிவாதம் என் அம்மா அஞ்சலாட்சிக்கு மட்டுமா சொந்தம்? அவள் பெற்றதற்கும் உண்டு.

ஜூன் 8, ஞாயிறு

ஹாஸ்டலில் காலை ஏழு மணிக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் துணியை ஊறப்போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். பேசினைப் பார்த்ததும் அந்தப் பழைய கோபம் கிளம்பிவிட்டது.

பொங்கலுக்கு அம்மாவுக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தேன். என் சம்பளத்தில். அவளிடம் இருந்த பட்டன் போனை, "பழைய செல்போன் குடுத்தா பிளாஸ்டிக் சாமான்" என்று கத்திக்கொண்டு வண்டியில் வந்தவரிடம் போட்டு, ஒரு நீல பேசினாக மாற்றினேன். எண்கள் தேய்ந்து, ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்த போன் அது. சென்னையில் போனைப் பற்றியே எழுதிப் பிழைப்பவளின் அம்மா அதையா வைத்துக்கொண்டிருப்பது? அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேசினைத் தட்டிப் பார்த்து, "கெட்டியாதான் இருக்குது" என்றாள்.

சித்திரை வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பொழுது சாயக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுச் சரளா அக்கா எடுத்து, "இரு பாப்பா, அம்மாகிட்ட தரேன்" என்பார். சித்திரையில் மாமா மகனுக்கு என்னைப் பெண் கேட்டார்கள். முடியாது என்றேன். "அப்ப உன் வழிய நீயே பாத்துக்க" என்றாள் அம்மா. பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அந்த வாரம்தான் சரளா அக்காவும் கீழத்தெருவில் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோனார். அன்றிலிருந்து அம்மா என் போனை எடுப்பதில்லை. கட் பண்ணினாலாவது கோபம் என்று புரிந்துகொள்ளலாம். இவள் கட்டும் பண்ணுவதில்லை, முழுசாக அடித்து ஓயவிடுகிறாள்.

அவளுக்குக் கொழுப்பு. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி கம்பெனியில் முப்பது வருஷம் கொட்டை உடைத்தவள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும், அதனால் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் வேகும். வெந்து, உரிந்து, ஆறி, மறுபடி வெந்து, அவள் விரல் நுனிகளில் ரேகையே கிடையாது. கைரேகை வைக்கும் மிஷின் எதுவும் அவளை ஆளாகவே மதிப்பதில்லை. அந்தக் கை மாதிரியே மனசும் காய்த்துவிட்டது போலிருக்கிறது.

கட்டுரையை இதுவரை நாற்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள்.

ஜூன் 16, திங்கள்

பெனாசிர் அக்கா ஓடி வந்து வீடியோ ஒன்றைக் காட்டினார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், இரண்டு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள், கண்ணை உருட்டிக்கொண்டு பேசுகிறார்: "மக்களே, லீக் ஆயிடுச்சு! ஜெப்டா 5-ல கால் எடுக்க தனி பட்டன்! விலை ஏழாயிரத்துக்குள்ள!" பின்னால் பெனாசிர் அக்கா வரைந்த சிவப்புப் பொத்தான் பெரிதாகத் தெரிகிறது. மூலையிலிருந்த "மாதிரிப் படம்" என்பதை மட்டும் வெட்டியிருந்தார்.

அக்காவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். டீ வாங்கிக் கொடுத்தார். "உன் பொய்க்கு என் பொட்டு" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

இங்கிலீஷ் தளம் ஒன்று இதை எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து இன்னும் நாலு. சார் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"இளவரசி, ஜெப்டா பொத்தான் உறுதியாயிடுச்சு. வெளிநாட்டுக்காரனே சொல்லிட்டான். இன்னொண்ணு போடு. 'நொடிமுரசு முதலில் சொன்னது உண்மையானது'ன்னு."

"சார், அது நான் எழுதுனதுதான் சார். சுத்திக்கிட்டு வந்திருக்கு."

"அதனால என்னம்மா?"

"வட்டாரம்னு ஒண்ணு கிடையாது. அதை நான் சும்மா எழுதினேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "இத்தனை பேர் சொல்லும்போது ஏதாவது இருக்கும்மா" என்றார். சொன்னதை அவரே நம்பியும் விட்டார். எழுதிக் கொடுத்தேன். அதற்கும் பத்து அம்சம்.

ஜூன் 29, ஞாயிறு

தெரியாமல் கை பட்டு அம்மாவுக்குப் போன் போய்விட்டது. மூன்று தடவை. எடுக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சரளா அக்கா அவருடைய போனிலிருந்து கூப்பிட்டார். பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன். பின்னால் நானே இதை மாற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடாது.

"பாப்பா, நல்லா இருக்கியா? ஒரு விசயம் கேக்கணும். அந்த பட்டன் வச்ச டச் போனு எப்ப வருது?"

"எந்த போன்க்கா?"

"அதாண்டி, ஏழாயிரம்னு சொல்றாங்களே. யூடியூப்ல காட்டுனாரு ஒருத்தரு. உங்கம்மா தெனமும் என் உயிர எடுக்குது. நீ போன பத்திதான எழுதுற, உன்ன கேக்கச் சொல்லிச்சு."

"அம்மாவுக்கு எதுக்கு? அதுகிட்டதான் டச் போன் இருக்கே."

"இருக்குது. யாரு எடுக்கறது? அது கை பட்டா அந்த கண்ணாடிக்கு ஒறைக்கவே மாட்டேங்குதுடி. இப்புடி தேய்க்குது, அப்புடி தேய்க்குது, அதுபாட்டுக்கு அடிச்சி நின்னுபோவுது. நான் பக்கத்துல இருந்தப்ப நான் எடுத்துக் குடுத்தேன். இப்ப யாரு இருக்கா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மூக்கால தேச்சா எடுக்கும்னு ஒருத்தி சொன்னா. 'மூக்கால போன் எடுக்கற அளவுக்கு நான் போயிட்டனா'ன்னு உங்கம்மா அவகிட்ட சண்டைக்கு போயிடுச்சு."

"ஒரு பட்டன் போன் வாங்கிக்கச் சொல்லேன்க்கா. ஆயிரத்து சொச்சம்தான்."

"நானும் அதத்தான் சொன்னேன். வாணாமாம். பட்டன் போன்ல உன் மூஞ்சி தெரியாதாம். இதுலன்னா ஞாயித்துக்கெழம என் வூட்டுக்கு வந்து நீ ஸ்டேட்டஸ்ல வைக்கிற போட்டோவ எல்லாம் தொறந்து காட்டச் சொல்லி பாத்துட்டுப் போவுது. அதான், மூஞ்சியும் தெரியணும், பட்டனும் இருக்கணும்னு இந்த போனுக்கே காத்துக்கெடக்குது. அது மட்டுமா, கம்பெனியில மொத்தம் பதினோரு பேரு. எல்லா கையும் ஒரே கைதான. சொல்லு, வருமா வராதா?"

"வரும்னுதான் போட்டிருக்காங்க" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று எழுதிய எட்டுக் கட்டுரையிலும் ஒன்பது அம்சம்தான். சார் கேட்டபோது பத்தாவது இல்லை என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலை பத்து மணிக்கு சாரின் அறைக்குப் போய் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். "ஜெப்டா கட்டுரைக்குத் திருத்தம் போடணும் சார். பொத்தான் இருப்பதாக எழுதியது தவறுன்னு."

"உக்காரும்மா."

"வேணாம் சார்."

"நாம என்ன கோர்ட்லயா சாட்சி சொன்னோம்? 'எதிர்பார்க்கப்படுகிறது'ன்னுதானே போட்டிருக்கோம். எதிர்பார்க்கறதுல என்ன தப்பு?"

"அதை நம்பி ஆளுங்க போன் வாங்காம காத்துக்கிட்டு இருக்காங்க."

"யாரு?"

பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வாசகர்கள்" என்றேன்.

"இந்த ஒரு கட்டுரையிலதான் இந்த மாச வாடகை. உனக்கும் பெனாசிருக்கும் சம்பளம். நான் கெட்டவன் இல்லம்மா, ஆனா திருத்தம் போட்டா நாலு லட்சம் பேர் வந்த தளம் நாளைக்கு நாப்பது பேருக்குப் போயிடும்." சொல்லும்போது குரல் கெஞ்சியது. அவர் மேல் இரக்கம்கூட வந்தது. ஆனால் இரக்கப்பட்டுக்கொண்டே தலையை ஆட்டியாட்டித்தான் மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். "நீங்க போடலைன்னா நானே போடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கதவைச் சாத்தும்போது கண்ணாடி அதிர்ந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. சரி, வேண்டுமென்றுதான்.

ஜூலை 18, வெள்ளி

போட்டேன். "திருத்தம்: ஜெப்டா 5-இல் தனிப் பொத்தான் பற்றிய தகவலுக்கு ஆதாரம் இல்லை." நாற்பது நிமிஷத்தில் அழித்துவிட்டார்கள். மறுபடி போட்டேன். இருபது நிமிஷம். மூன்றாவது தடவை போடப்போனால் என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

கட்டுரை எழுத மட்டும் அனுமதி, வெளியிடுவது இனி சார்தானாம். எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். வாங்கி மடித்து, ஆடும் மேஜைக் காலுக்கு அண்டை கொடுத்தேன். இரண்டு வருஷமாக ஆடிய மேஜை, இப்போது நன்றாக நிற்கிறது.

கட்டுரையைத் தொடத்தான் முடியாது. அதன் கீழே கருத்து எழுத யார் வேண்டுமானாலும் வரலாம் அல்லவா? என் சொந்தப் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டேன். "பட்டன் உறுதியா ப்ரோ?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "இல்லை. அதைக் கற்பனையாக எழுதியது நான்தான். இளவரசி." இன்று முப்பத்தாறு பேருக்குச் சொன்னேன். ஒருவர் கூட நம்பவில்லை. "நீ போட்டி கம்பெனி ஆளு" என்று ஒருவர் திட்டினார். இன்னொருவர், பொறாமையாம்.

ஜூலை 27, ஞாயிறு

பெனாசிர் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. மூன்றாவது தடவை பிரியாணி போட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்: "முன்னப் பின்ன தெரியாதவனுக்கெல்லாம் பதில் சொல்ற. உங்கம்மாகிட்ட சொன்னியா?"

சரளா அக்கா ஜூலை 13 அன்று கூப்பிட்டதை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். "அது போனை எடுக்க முடியாதேக்கா" என்றேன்.

"சரளாகிட்ட சொல்லலாம்ல? ரகோத்தமன்கிட்ட காட்டுற வீரத்துல கொஞ்சம் மிச்சம் வச்சு பண்ருட்டிக்கு ஒரு போன் போடு."

எனக்குச் சுருக்கென்றது. கைகழுவ எழுந்துவிட்டேன். ஊரில் டவர் கிடைப்பதில்லை என்று அவரிடம் சொன்னேன். இங்கேயும் அதையே எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். டவர் நன்றாகக் கிடைக்கிறது. எனக்குத்தான் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

சரளா அக்காவிடமிருந்து குரல் செய்தி: "பாப்பா, ஆடித் தள்ளுபடியில கடைக்காரரு வேற போனுக்கு ஆயிரத்து ஐந்நூறு கம்மி பண்றேன்னாரு. கம்பெனியில உங்கம்மாகூட கொட்டை ஒடைக்கிற காசியம்மா வாங்கவே போயிட்டா. உங்கம்மாதான் கையப் புடிச்சி இழுத்தாந்துச்சு, எம் பொண்ணு சொல்லிட்டா, வரும்னு."

இதை ஐந்து தடவை கேட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பகல் பன்னிரண்டு மணிக்கு ஜெப்டா 5 அறிமுகம். அலுவலகத்தில் எல்லோரும் டீவி முன்னால். மேடையில் வந்தவர் போனைத் தூக்கிக் காட்டிச் சுழற்றினார். நான்கு பக்கமும் வழவழ. பொத்தான் கிடையாது. விலை ரூ. 9,499. இன்னும் மெல்லிசாக்குவதற்காக ஹெட்போன் ஜாக்கையும் எடுத்துவிட்டார்களாம், அதைச் சொல்லி அவரே கைதட்டிக்கொண்டார். எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் திருப்பிக் காட்டும்போது ஒரு நொடி அந்தப் பக்கவாட்டை உற்றுப் பார்த்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு சார் வந்தார். "போடு: 'பொத்தான் எங்கே? ஏமாற்றிய ஜெப்டா, கொதிக்கும் ரசிகர்கள்.' பத்து ஏமாற்றங்கள். சீக்கிரம்."

"அவங்க ஏமாத்தல சார். அவங்க பொத்தான்னு ஒரு தடவைகூடச் சொல்லல. ஏமாத்துனது நாம."

"உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

"கட்டுரை வேணும்ல? தரேன் சார்" என்று உட்கார்ந்தேன். அவர் கேட்ட தலைப்பையே போட்டேன். அவர் தலைப்பு மட்டும்தான் படிப்பார், மூன்று வருஷமாகத் தெரியும். உள்ளே எழுதியது இது: "ஜெப்டா 5-இல் அழைப்பை எடுக்கத் தனிப் பொத்தான் வரும் என்று இதே தளத்தில் ஜூன் 3 அன்று எழுதியவள் நான். எந்த வட்டாரமும் எனக்குச் சொல்லவில்லை. பத்து அம்சம் தேவைப்பட்டது, ஒன்பது இருந்தது. அதைப் பார்த்துத்தான் மற்ற எல்லோரும் எழுதினார்கள். நம்பிக் காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இளவரசி, நொடிமுரசு."

சார் ஒரு சொடுக்கில் வெளியிட்டுவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் எழுபதாயிரம் பேர் படித்து, படம் பிடித்து, ஊரெல்லாம் அனுப்பியாகிவிட்டது.

மூன்று மணிக்கு என் வேலை போயிற்று. பெனாசிர் அக்கா படிக்கட்டு வரை வந்தார். எச்சரிக்கைக் கடிதத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். எடுத்தால் மேஜை ஆடும்.

ஆகஸ்ட் 9, சனி

கிளாம்பாக்கத்தில் காலை ஆறரைக்குப் பண்ருட்டி பஸ். வண்டி கிளம்புமுன் கழுத்து நிறைய வயர் தொங்க ஒருவர் ஏறினார். "பாட்டு கேக்கலாம், படம் பாக்கலாம், வயர்லயே மைக்கு, வயர்லயே பட்டனு! போனு பையில இருந்தாலும் பட்டன அமுக்குனா கால் எடுக்கும், மறுபடி அமுக்குனா கட்டாவும்! ஒண்ணு நூறு, ஒண்ணு நூறு!"

மூன்று வருஷம். ஆயிரக்கணக்கில் கட்டுரை. ஒவ்வொன்றிலும் ஏழாவது அம்சமாக ஹெட்போன் ஜாக் என்று என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன். அந்த ஓட்டையில் என்ன சொருகலாம் என்று ஒரு தடவை யோசித்திருப்பேனா? அம்மாவின் போனிலும் அந்த ஓட்டை இருக்கிறது. வாங்கிக் கொடுத்தவளே நான்தான். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்!

என் போனில் சொருகி, பக்கத்து இருக்கைக்கார அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, அழுத்திப் பார்த்தேன். எடுத்தது. மறுபடி அழுத்தினேன், கட்டானது. விரலுக்குப் பதில் சாவியால் அழுத்தினேன். அதற்கும் எடுத்தது.

"பதினொண்ணு குடுங்க."

"கடை வைக்கப் போறியாம்மா?" என்றார்.

கம்பெனிக்குள் நுழையும்போது பதினொன்றரை. கொட்டை உடைக்கும் சத்தத்தில் நான் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. அம்மாதான் முதலில் நிமிர்ந்தாள். முழங்கை வரை சாம்பல்.

"என்னாடி, வேலைக்குப் போவுல?"

"வேலை போச்சும்மா."

"ஏன்?"

பஸ்ஸில் எப்படிச் சொல்வது என்று பத்து விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். எதுவும் வரவில்லை. "அந்த பட்டன் போனு வராதும்மா. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. அதை எழுதுனது நான்தான். பொய்யா எழுதினேன். சரளாக்கா கேட்டப்பவும் வரும்னு பொய் சொன்னேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். ஒவ்வொருவராகக் கொட்டை உடைப்பது நின்றது.

காசியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏண்டி, ஆயிரத்து ஐந்நூறு கம்மி பண்ணான் கடைக்காரன். உங்கம்மா பேச்ச கேட்டு திரும்பி வந்தேன். படிச்ச புள்ள பண்ற வேலையா இது?" இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். வாங்கிக்கொண்டேன். அம்மா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் நியாயம்.

எல்லோரும் ஓய்ந்த பிறகு அம்மா கேட்டாள்: "ஏன் எழுதுன?"

"பத்து வேணும்னாரு. ஒண்ணு கொறைஞ்சுது."

"கொறைஞ்சா எதையாச்சும் எழுத வேண்டியதுதான. பட்டன எதுக்கு எழுதுன?"

எதுக்கு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவளுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன். அதையும் எழுதி வைக்கிறேன், பதினோரு பேர் முன்னால் ஓவென்று அழுதேன்.

"சரி, மூக்கத் தொடை" என்றாள் அம்மா.

பையைத் திறந்து வயர்களை எடுத்தேன். "இதுவும் கததானா?" என்றார் காசியம்மா. "அக்கா, இத நான் கையில வச்சுப் பாத்தேன். நீங்களும் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க" என்றேன். அம்மாவின் பையிலிருந்து அவள் போனை எடுத்தேன். ஓட்டையில் தூசி அடைத்திருந்தது. ஊக்கால் சுத்தம் செய்து, சொருகி, அம்மாவின் காதில் மாட்டிவிட்டு, பட்டன் இருக்கும் இடத்தைத் தடவிக் காட்டினேன். பிறகு வெளியே பலா மரத்தடிக்குப் போய் நின்று கூப்பிட்டேன்.

உள்ளே போன் அடித்தது. ஒரு மணி. இரண்டு மணி. மூன்று.

"ஆங்" என்றாள் அம்மா.

ஏப்ரலிலிருந்து பேசாத அத்தனையும் பேச வேண்டும் என்று இருந்தது. "சாப்ட்டியா?" என்றுதான் கேட்டேன்.

"மணி பன்னெண்டுகூட ஆவுல. அதுக்குள்ள என்னா சாப்பாடு? உள்ள வா, வெயில்ல நிக்காத."

வீடியோ கால் முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தது. பலா மரத்தடியில் நின்றபடியே முகத்தைக் காட்டினேன். உள்ளே பதினோரு தலையும் ஒரே திரையில் இடித்துக்கொண்டன. "கறுத்துட்டியேடி" என்றாள் அம்மா. இருபது அடி தூரத்தில் நேரில் நிற்கிறேன், அது கண்ணில் படவில்லை, போனில் பார்த்துத்தான் சொல்கிறாள்.

பத்துப் பேருடைய போனில் வேலை செய்தது. ஒருத்தி வைத்திருந்த போனில் ஓட்டையே இல்லை. அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லி வயரை விடாமல் வாங்கிக்கொண்டாள். காசியம்மா நூறு ரூபாயை நீட்டினார், நான் மறுத்தேன். "பொய்க்கு ஈடா?" என்றார். ஆமாம் என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்குப் போனால் வாசலில் அந்த நீல பேசின். துணி ஊறிக்கொண்டிருந்தது.

"இது ஒண்ணுதான் நீ மாத்துனதுல உருப்படி" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சென்னைக்கு வந்துவிட்டேன். வேறு வேலை இன்னும் இல்லை. என் சொந்தப் பக்கம் ஒன்று தொடங்கி, நூறு ரூபாய் வயர் பற்றி எழுதினேன். தலைப்பில் எண் இல்லை. கையில் வைத்துப் பார்த்தது மட்டும்: எடுக்கிறது, துண்டிக்கிறது, சாம்பல் பட்டும் கெடவில்லை, ஜாக் இல்லாத போனில் வேலை செய்யாது. நாலே நாலு. ஜாக்கை எடுத்த கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் முந்திரி கம்பெனியில் வந்து உட்கார்ந்து அந்தக் கையோடு போனை எடுத்துக் காட்டட்டும் என்றும் எழுதினேன். படமாகப் பதினோரு ஜோடி உள்ளங்கைகள். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் படித்திருக்கிறார்கள். ரகோத்தமன் சார் பார்த்தால் சிரிப்பார். சிரிக்கட்டும்.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். சாப்பாடு, மழை, காசியம்மா வயரைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும் தோரணை என்று பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் தொண்டையைக் கனைத்தாள்.

"வேலையும் போச்சு. மாமா இன்னும் வேற எடத்துல பாக்கலியாம். ஆவணியில ஒரு நல்ல நாளு..."

"முடியாதும்மா."

"நான் சொல்றத முழுசா கேளு..."

"அன்னைக்கும் முடியாதுன்னுதான் சொன்னேன், இன்னைக்கும் அதான். எத்தனை தடவை கேட்டாலும் அதான்."

"அப்புடியா?"

"அப்படித்தான்."

டக்கென்று கட் பண்ணிவிட்டாள்.

போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏப்ரலிலிருந்து அடித்து ஓய்ந்த போன் இது. இன்று எடுத்தாள், பேசினாள், கோபம் வந்தது, ஓங்கி அழுத்தித் துண்டித்தாள். பத்தாவது அம்சத்தில் நான் எழுதியது ஒன்றுவிடாமல் வேலை செய்கிறது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உடனே மறுபடி கூப்பிட்டேன்.